ஈரப் போர்வைக்குள் ஒரு விண்மீன் கொத்து

வாழ்க கண்ணாடிக்காரர்! கடைத்தெருவில் பார்வை குன்றியோர்க்கெல்லாம் மூக்கின்மேல் இரு புதுக் கண்களை ஏற்றியனுப்பும் வள்ளல் வாழ்க! வில்லையென்று ஒன்று கையில் அகப்பட்டால், யாருடையது என்றும் கேளாமல் ‘ஹா’வென்று ஊதித் துடைத்துவிடும் அத்திருவாயும் வாழ்க! சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையின் கடைசி வரியை உறக்கத்திலும் ஒப்பிக்க வல்ல அப்பெருந்தகை, தம் வீட்டு மொட்டைமாடியில் ஒரு மாதம் நின்றும் வானத்தில் ஒரே ஒரு புகைச்சுருளைக் காணமாட்டாமல் கலங்கிய வீரவரலாற்றை உரைக்கப் புகுங்கால், சொல்லுக்குரிய தெய்வம் துணை நிற்பதாக. அதற்கு வேறு வேலை இருப்பின், மாடிக் கொசுக்களாவது சற்றே விலகி நிற்பனவாக.

அவர் தேடிய பொருள் யாதெனின், பால்வீதியின் கொல்லைப்புறத்துக்கும் அப்பால், சொந்தபந்தமே வேண்டாமென்று தனிக்குடித்தனம் போய்விட்ட உருண்டை விண்மீன் கொத்து ஒன்று. இலட்சக்கணக்கான கதிரவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வாழும் கூட்டுக்குடும்பம் அது. இங்கிருந்து நோக்குவார்க்கோ, சரியாகத் துடைக்காத மேசையில் எஞ்சிய கறை. மனிதன் துணியென்ற ஒன்றை உடுக்கத் தொடங்குமுன்னரே புறப்பட்டுவிட்ட அதன் ஒளி, வெட்டவெளியெல்லாம் கடந்து நாள்தோறும் அம்மாடியில் வந்து இறங்கிக்கொண்டுதான் இருந்தது. வாங்க என்று சொல்லத்தான் ஆளில்லை.

இதில் கண்ணாடிக்காரருக்கு என்ன வந்தது என்பீரேல், கேண்மின். ஊரின் வான்நோக்குவோர் சங்கத்துக்குச் சொந்தமாக, தண்ணீர்த் தொட்டியை ஒத்த பருமனுடைய பெருந்தொலைநோக்கி ஒன்றுண்டு. அது மாதம் ஓர் உறுப்பினர் இல்லத்தில் எழுந்தருளும். சங்கம் குறித்துக் கொடுத்த மங்கற்பொருளைக் கண்டு, அது வில்லைக்குள் எந்த மூலையில் இருக்கிறது என்று பிழையின்றிச் சொன்னவர்க்கு இன்னொரு மாதம் அது உரிமை. காணாதார், வரிசையில் அடுத்தவர் கையில் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையராய் நிற்க வேண்டியதே. இம்முறை அது எழுந்தருளியது கண்ணாடிக்காரர் மாடியில். அன்றே இறுதி நாள். வரிசையில் அடுத்தவரோ பல் டாக்டர். பிறர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுத் தாம் மட்டும் பேசும் கலையில் தேர்ந்த அவ்விளங்காளை, விடைகூறும் வரைபடத்தைச் சட்டைப்பையில் மறைத்துக்கொண்டு, கவிழ்த்த வாளியையே அரியணையாகக் கொண்டு வீற்றிருந்தார்.

“அவசரமே இல்லண்ணே. நிலா வர்றதுக்குள்ள பாத்தா போதும்,” என்று அவர் அருளினார். “நான் சும்மா, வண்டியில பின்சீட்டை மடக்கி வச்சுட்டு வந்தேன், அவ்வளவுதான்.”

நிலவென்னும் அச்சுண்ணாம்புக்காரி வந்து வானம் முழுதும் வெள்ளையடித்துவிட்டால், மங்கற்கொத்து மறைந்தொழியும். ஆகவே நம் வீரர், பொழுது சாய்ந்தது முதல் கண்ணை மூடியிருந்து இருளைக் கண்ணுக்குள் ஊறவைத்து, கைவிளக்குக்குச் சிவப்புத்தாள் கவசம் பூட்டி, தொலைநோக்கிக் குழாயெதிரே சென்று நின்றார். அந்நொடியே எதிர்வீட்டுக் குளியலறை விளக்கு, ஆயிரம் வேல் ஒருங்கே எறிந்தாற்போல் அவர் விழிமீது பாய்ந்தது. குளிக்கப் போனவரோ பாடவும் தொடங்கிவிட்டமையால், போர் விரைவில் முடியுமென்ற நம்பிக்கையும் போயிற்று. வீரர் தளர்ந்தாரல்லர். கொடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வையை உருவி, ஈரமென்றும் பாராது தலைவழியே போர்த்து, கூடாரம் புகுந்த கோமான் போல் அதனுள் மறைந்தார்.

மங்கலான பொருளை நேரே முறைத்தால் அது மறைந்துவிடும், பக்கத்தில் வேறெதையோ பார்ப்பதுபோல் பாசாங்கு செய்து கடைக்கண்ணால் கவர வேண்டும் என்பது வான்நோக்குவோர் கண்ட நெறி. ஆனால் நாள் முழுதும் வாடிக்கையாளரிடம் “நேரா பாருங்க, நேரா பாருங்க” என்று ஓதியே வயிறு வளர்த்தவர்க்குக் கடைக்கண் எங்ஙனம் வரும்? நேரே பார்த்தார். மேலும் நேரே பார்த்தார். வில்லையில் அழுக்கோ என ஐயுற்று, குலத்தொழில் கைவிடாமல், ‘ஹா’வென்று ஊதி இருட்டில் ஒரு துடை துடைத்துவிட்டு மீண்டும் நேரே பார்த்தார்.

ஆகா! விண்மீன்களுக்கு நடுவே, பஞ்சுப் பொதியோ பாலாவியோ என, மெல்லொளி ஒன்று மிதந்தது!

“கண்டேன்!” என்று போர்வை முழங்கிற்று. “நட்ட நடுவுல! என்ன அழகு!”

“சந்தோஷம்ணே. குழாயை ஒரு தட்டு தட்டுங்க.”

இதுவே சங்கத்தாரின் தீக்குளிப்புச் சோதனை. தட்டினால் வானத்துப் பொருள் விண்மீன்களோடு சேர்ந்து ஆடும், மனப்பிரமையும் வில்லைக்கறையும் ஆடா. ஆடிற்றேல் தொலைநோக்கி நம்முடையது, ஆடாதேல் பின்சீட்டினுடையது. தட்டவேண்டிய விரல், மணமேடையில் பெயர் மறந்த மாப்பிள்ளைபோல் அந்தரத்தில் நின்று தயங்கியது. பின் தட்டியது. விண்மீன்கள் அனைத்தும் துள்ளிக் குதித்தன. மெல்லொளியோ, சாப்பிட்டுவிட்டும் கிளம்பாத விருந்தாளிபோல் இருந்த இடத்திலேயே இருந்தது. “ஆடலையே!” என்று போர்வை முனகிற்று.

அவ்வமயம் படிக்கட்டுக் கதவு திறந்தது. வங்கியில் நாளெல்லாம் கள்ளக் கையெழுத்துகளைக் கண்டுபிடித்துக் களைத்த இல்லத்தரசியார் துணியெடுக்க எழுந்தருளினார். ஒரே இழுப்பு. கூடாரம் வீழ்ந்தது.

“என்னங்க இது, தோய்ச்ச போர்வையைப் போத்திக்கிட்டு?”

“அண்ணன் கொத்தைப் பாத்துட்டாராம் அண்ணி. தட்டினா ஆடலையாம்,” என்றார் பல் டாக்டர், கருணை பொங்க.

“கடையில ஊதுற மாதிரி இதையும் ஊதினீங்களா?”

ஈரக் கூடாரத்துள் ஊதிய மூச்சு எங்கே போகும்? வீரர், சட்டைப்பையிலிருந்து கடையின் மென்துணியை எடுத்து, தம் மூச்சுக்காற்றால் உண்டான அந்த ஒருகணப் பேரண்டத்தைத் துடைத்தழித்தார்.

“எங்க, நகருங்க. இந்த ஒரு மாசமா என்னதான் பாக்குறீங்கன்னு பாக்கறேன்.” அம்மையார் குனிந்து ஒரு கண்ணை வைத்தார். கவனமெல்லாம் பல் டாக்டரிடம். “தம்பி, அந்த வாளியில உக்காராதீங்க, அடி விட்டிருக்கு… என்னங்க, சரியாவே துடைக்கலையே. கீழ, வலது ஓரத்துல, ரெண்டு புள்ளிக்கு நடுவுல இன்னும் புகை மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு. ம்ஹும், நேரா பாத்தா காணோம். வேற எங்கயாவது பாத்தா வருது.”

பல் டாக்டர் வாளியினின்றும் எழுந்தார். சிவப்பொளியில் வரைபடத்தைப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார்.

“அண்ணி,” என்றார், சொத்தைப் பல்லென்று நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டவர் குரலில், “அந்தக் குழாயைக் கொஞ்சம் தட்டுங்க.”

தட்டினார். “கூடவே ஆடுதே! அழுக்கு ஆடுமா?”

“ஆடாது அண்ணி.”

மனிதன் துணி உடுக்குமுன் புறப்பட்ட ஒளி, துணியெடுக்க வந்தவர் கண்ணில் குடிபுகுந்தது.

“தள்ளு, தள்ளு!” என்று பாய்ந்தார் கண்ணாடிக்காரர். கீழே, வலது ஓரத்தில், இரு புள்ளிகளுக்கு நடுவே, ஒரு மாதத்து ஏக்கமனைத்தையும் ஒன்றாய்த் திரட்டி, நேரே பார்த்தார். அக்கணமே அடுக்ககங்களின் தோள்மீது நிலா ஏறிவந்து வானுக்கு வெள்ளையடித்தது. எதிர்வீட்டுக் குளியலறை விளக்கு அணைந்தது, இனி என்ன பயன்?

“கண்டவர்க்கே தொலைநோக்கி!” என்று பல் டாக்டர் சங்கச் சட்டத்தைப் பறைசாற்றினார். “அடுத்த மாசம் முழுக்க இது அண்ணியோடது. அண்ணே, நீங்க எனக்குப் பின்னாடி, வரிசையில.” பின்சீட்டை நிமிர்த்தி வைக்கப் படியிறங்கினார்.

மாமலை சரிந்ததென, மாகடல் வற்றியதென, மூன்று முரசும் ஒருங்கே கிழிந்ததென நின்ற அப்பெருவீரர், தம் வீட்டு மாடியில், தம் மனைவியின் தொலைநோக்கி அருகே, வெள்ளி உருகி வழியும் வானை நெடிது நோக்கி, நெட்டுயிர்ப்பொன்று எறிந்து, பகைவர் கைப்பட்டு மண்ணில் வீழ்ந்து கிடந்த தம் கூடாரத்தைக் குனிந்து இரு கரத்தானும் ஏந்தினார்.

போர்வை இன்னும் காயவில்லை.