கடல் டாக்டரை அட்டையில் போட வேண்டாம்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அக்கா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் வீட்டாரும் தங்கள் தொட்டியில் உள்ள சகல ஜீவன்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே அப்பா நலம், அம்மா நலம், தங்கச்சி தேவைக்கு மேலேயே நலம். மீனும் நலம். இறாலைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

நம் மீன் தொட்டிக் குரூப்பின் மாத இதழில் "கடல் டாக்டர் காப்பாற்றிய மீன்" என்று அட்டைப்படக் கட்டுரை வரப்போவதாகவும், தொட்டியோடு நான் நிற்கிற படம் ஒன்றை உடனே அனுப்பும்படியும் எழுதியிருந்தீர்கள். அக்கா, அந்தக் கட்டுரையை நிறுத்திவிடுங்கள். காரணத்தைச் சொன்னால் என்னைக் குரூப்பை விட்டே தூக்கிவிடுவீர்கள். தாராளமாகத் தூக்குங்கள். ஆனால் கட்டுரையை நிறுத்திவிட்டுத் தூக்குங்கள்.

முதலில், உப்புத்தண்ணித் தொட்டி பற்றி யார் என்ன கேட்டாலும் முந்திக்கொண்டு பதில் சொல்கிற இந்தக் கடல் டாக்டருக்குப் போன மாதம் வரைக்கும் தொட்டியே கிடையாது. சின்ன வயசில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் ரெண்டு கப்பி மீன் வளர்த்தேன், அதைப் பக்கத்து வீட்டுப் பூனை முடித்துவிட்டது, அவ்வளவுதான் என் அனுபவம். மற்றதெல்லாம் வீடியோ. சாப்பிடும்போது வீடியோ, பஸ்ஸில் வீடியோ, அதுவும் வேகத்தைக் கூட்டி வைத்துப் பார்ப்பேன். பார்த்துப் பார்த்து எனக்கே நம் வீட்டில் தொட்டி இருக்கிற மாதிரி ஆகிவிட்டது. யாராவது "மீன் சாப்பிட மாட்டேங்குது"ன்னு போட்டா என் கை தன்னால டைப் அடிக்கும். நீங்க எல்லாரும் டாக்டர், டாக்டர்னு கூப்பிடக் கூப்பிட எனக்கு ஒரு கெத்து வந்துடுச்சு. அப்புறம் நடுவுல எந்திரிச்சு "மன்னிக்கணும், எங்கிட்ட தொட்டி இல்லை"ன்னு எப்படிக்கா சொல்றது?

அப்பா கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுக்கிறவர். நம் குரூப்பில் எனக்கு வருகிற ஹார்ட்டையெல்லாம் கடையில் எல்லாருக்கும் காட்டி, "பையன் மீனுக்கு வைத்தியம் பாக்கறான், ஆளுங்க வரிசையில நிக்கறாங்க" என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெருமையில் ஒரு நாள், தானே அறுத்து, தானே ஒட்டி, ஓரத்தையெல்லாம் விரலைக் கிழிக்காதபடி தேய்த்து ஒரு தொட்டியைக் கொண்டுவந்து ஹாலில் இறக்கினார். "இந்தாடா டாக்டர், உன் ஆஸ்பத்திரி." அம்மாவின் தையல் மெஷின் பக்கத்தில்தான் பிளக் இருக்கிறது என்பதால் அங்கேயே வைத்தோம். உப்பைக் கரைத்து, மணலைப் போட்டு, கல்லை அடுக்கி, தண்ணியில் இருக்கிற அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளுகிற மெஷினையும் மாட்டி, தண்ணி பக்குவமாகும்வரை காத்திருந்து, கடைசியில் ஒரு கோமாளி மீனும் ஒரு இறாலும் வாங்கினோம். மீனைப் பையிலிருந்து விட்டபோது நான் போட்ட கூச்சலில் அம்மா ஊசியில் விரலைக் குத்திக்கொண்டார்கள். மூலைக்கு மூலை ரோந்து போகிறது என்று தங்கச்சி மீனுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தாள். இறால் அதன் முகத்தைச் சுத்தம் செய்துவிடுவதால் அதற்கு பார்பர்.

அப்புறம் ஒரு காலையில பாத்தா இன்ஸ்பெக்டர் உடம்பு பூரா வெள்ளைப் புள்ளி. தங்கச்சி குனிஞ்சு பாத்துட்டு, "நேத்து வால்ல இருந்த புள்ளி இன்னிக்கு மூக்குல இருக்கு. புள்ளி நடக்குமா?"ன்னு கேட்டா. "நோய் பரவுதுடி, தெரியாத விஷயத்துல பேசாத"ன்னு அதட்டிட்டேன்.

குரூப்பில் கேட்கலாம். ஆனால் கடல் டாக்டரே வந்து "ஐயோ என் மீனுக்குப் புள்ளி, என்ன பண்றது"ன்னு கேட்டா மானம் போயிடும் இல்லையா? அதனால் அம்மா போனில் "புதுசா வந்தவன்" என்று ஒரு ஃபேக் ஐடி திறந்து கேட்டேன். கேட்ட வேகத்துல நம்ம சுறா மாமா ஒரு ஸ்கிரீன்ஷாட்டைத் தூக்கிப் போட்டார். "வெள்ளைப் புள்ளியா? காப்பர் மருந்து. யோசிக்காதீங்க, ஊத்துங்க. நீங்க யோசிக்கிற நேரத்துல மீன் போயிடும்." கீழே, "இது நம் கடல் டாக்டர் சொன்னது. வேதவாக்கு" என்று வேறு எழுதியிருந்தார். என் பதில்தான் அக்கா. எப்போ எழுதினேன்னே ஞாபகம் இல்லை. அதுக்கு விழுந்திருந்த ஹார்ட்ல முதல் ஹார்ட்டும் என்னோடதுதான்.

மருந்தை வாங்கி வந்துவிட்டேன். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. "தொட்டியில இறாலும் இருக்கே, பரவாயில்லையா?" என்று புதுசா வந்தவனாகக் கேட்டேன். அவ்வளவுதான், ஆளாளுக்கு ஏறிட்டாங்க. "நேத்து வந்துட்டு டாக்டரையே கேள்வி கேக்கறியா தம்பி?" என்று ஒருவர். "டாக்டர் ஆன்லைன்லதான் இருக்காரு, அவரே சொல்லட்டும்" என்று சுறா மாமா என்னை டேக் செய்தார். இடது கையில் அம்மா போன், வலது கையில் என் போன். குரூப்பே காத்திருக்கிறது.

அம்மா எட்டிப் பாத்தாங்க. "யாரு கூடடா இப்படி மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சண்டை போடுற?"

"என் கூடத்தாம்மா."

"ஜெயிச்சியா?"

ஜெயிச்சேன்க்கா. அதுதான் கேவலம். தெரியாது என்று நாலு எழுத்து அடிக்க முடியாமல், கடல் டாக்டராக இப்படி எழுதினேன்: "இறாலுக்கு ஒன்றும் ஆகாது. பயமே மீனின் முதல் எதிரி." இடது கையில் இருந்த அம்மா போனில் அதைப் படித்ததும், அந்தத் தோரணையைப் பார்த்து, எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. என்னமா சொல்றாரு மனுஷன் என்று நினைத்துக்கொண்டு அரை மூடி மருந்தை ஊற்றிவிட்டேன்.

தங்கச்சி சோபாவில் உட்கார்ந்து மருந்து டப்பாவைத் திருப்பிக்கொண்டிருந்தாள். "அண்ணா, இறால், நத்தை இருக்கிற தொட்டியில போடக்கூடாதுன்னு இதுலயே போட்டிருக்கே." ஊருக்கே மருந்து சொன்னவன், ஒரு மருந்து டப்பாவைக்கூடப் படித்ததில்லை. திரும்பிப் பார்க்கிறேன், பார்பர் கல்லிலிருந்து வழுக்கி மல்லாந்து கிடக்கிறது. அப்புறம் நடந்ததை விவரமா கேக்காதீங்க. நான் சட்டையோட தோள்வரைக்கும் கையை விட்டுத் தேடறேன், இன்ஸ்பெக்டர் என்னைக் கடிக்குது, தங்கச்சி அம்மா மாவு பிசையற பேசினைக் கொண்டுவர்றா, மாத்தறதுக்குக் கரைச்சு வச்ச உப்புத்தண்ணில அம்மா ஏற்கனவே சாயம் போற துணியை ஊறப்போட்டிருக்காங்க, மறுபடி உப்பைத் தேடினா அது சமையல் உப்பு, கடல் உப்பு எங்கன்னு நான் கத்தறேன், "கடல்ல போய் தேடு"ன்னு அம்மா கத்தறாங்க. ஒருவழியா சரியான உப்பு கிடைச்சு, பார்பரைப் பேசின்ல விட்டு, தொட்டித் தண்ணிய வாளி வாளியா மாத்தி, ஹால் பூரா ஈரத்துல நான் உக்காந்திருக்கும்போது அப்பா வேலை முடிஞ்சு வந்தார்.

தங்கச்சி ஒண்ணு விடாம ஒப்பிச்சுட்டா. அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பேசின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து இறாலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேடா" என்றார். அவ்வளவுதான். எழுந்து போய்க் கை கழுவினார். நான் வாளிக்குள் தலையை விட்டுக்கொள்ளலாமா என்று பார்த்தேன்.

மறுநாள் அம்மா தலையணை உறை தைக்க நுரை மெஷின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தையல் மெஷினைச் சொருகினார்கள். கொஞ்ச நேரத்தில் பார்க்கிறேன், இன்ஸ்பெக்டர் மேல் ஒரு புள்ளி இல்லை! பளபளன்னு நிக்குது! எனக்கு இருந்த வெறியில ஒண்ணையும் யோசிக்காம, புதுசா வந்தவனா குரூப்ல போட்டேன்: "குணமாயிடுச்சு! கடல் டாக்டர் வாழ்க!" அதைத்தான் அக்கா நீங்கள் பார்த்தீர்கள். அதற்குத்தான் அட்டைப்படம்.

அம்மா தைத்து முடித்துப் பிளக்கை மாற்றிச் சொருகினார்கள். மெஷின் ஓடியது. புள்ளி வந்தது. தங்கச்சி பிளக்கைப் பிடுங்கினாள். புள்ளி போனது. சொருகினாள், வந்தது. பிடுங்கினாள், போனது. "அண்ணா, இது நோய் இல்ல. காத்துக் குமிழி" என்றாள். புது மெஷின் விடுகிற பொடிப்பொடிக் குமிழி மீன் உடம்பில் ஒட்டியிருக்கிறது. நான் ரெண்டு ஐடியில் சண்டை போட்டு, ஊரைக் கூட்டி, விஷத்தை ஊற்றி வைத்தியம் பார்த்தது காற்றுக்கு.

இதை அப்படியே குரூப்பில் புதுசா வந்தவனாக எழுதினேன். "டாக்டரை அவமதிக்கும் விஷமி" என்று நீங்களே அவனைத் தூக்கிவிட்டீர்கள். கடல் டாக்டராக எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. இதற்கிடையில் நம் குரூப்பில் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாரே டீச்சர், அவர், "என் மீனுக்கும் புள்ளி இருக்கிறது, நானும் நாளை மருந்து ஊற்றப் போகிறேன்" என்று போட்டிருக்கிறார். அவர் தொட்டியில் ஒரு கூட்டம் இறால் இருக்கிறது அக்கா. போன வாரம்தான் குட்டி போட்டதாக எழுதியிருந்தார். தனியாக மெசேஜ் அனுப்பினேன், பார்க்கவில்லை. பேசினுக்குள் பார்பர் கிடந்த கிடை கண்ணிலேயே நிற்கிறது. இன்றைக்குத்தான் அது எழுந்து ஒரு காலால் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டது. டீச்சர் வீட்டு இறாலுக்கு அந்த நிலைமை வரக்கூடாது. என் பெயரைப் போட்டே, "இவன் சொன்னதை யாரும் கேட்காதீர்கள்" என்று பெரிய எழுத்தில் போடுங்கள். அப்பா கடையில் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

தங்கள் மீன்களுக்குப் பசியும், தங்கள் தண்ணிக்குத் தெளிவும், எனக்குத் தங்கள் மன்னிப்பும் கிடைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, இனி ஒரு கேள்விக்கும் பதில் சொல்ல மாட்டேன் என்று இன்ஸ்பெக்டர் முன்னிலையில் உறுதி கூறும்,

தங்கள் தம்பி,
முன்னாள் கடல் டாக்டர்

பி.கு: இதை அனுப்புவதற்கு முன் மனசு கேட்காமல் டீச்சருக்கு போன் போட்டு, எடுத்ததும் "ஊத்தாதீங்க டீச்சர்!" என்று கத்தினேன். அப்புறம் மெதுவாக, "தம்பி, யார்கிட்டயும் சொல்லிடாதப்பா. எங்கிட்ட தொட்டியே கிடையாது" என்றார். அவர் போடுகிற படமெல்லாம் பல் டாக்டர் ரூமில் காத்திருந்தபோது அங்கே இருந்த தொட்டியை எடுத்ததாம். "கேள்வி கேட்டா நீங்க நாலு பேரு ஓடிவந்து பதில் சொல்றீங்க. வீட்ல தொட்டி இருக்கிற மாதிரியே இருக்கு" என்றார். எனக்கும் அப்படித்தானே இருந்தது. ஆக இறால்களுக்கு ஆபத்தில்லை. சுறா மாமாவுக்கு மீன் என்றாலே அருவருப்பாம், சும்மா சண்டை வேடிக்கை பார்க்க வருகிறாராம், அதையும் டீச்சர்தான் சொன்னார். அட்டைப்படத்தை என்ன செய்வதென்று நீங்களே முடிவு பண்ணுங்கள். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. அக்கா, கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்ல தொட்டி இருக்குல்ல?