நாலு மணிக்குள் ஒரு ஷெல்

நாலு மணிக்கு வெளியீடு. மணி இரண்டரை ஆகியும் எந்த ஷெல் என்பதை அவர் முடிவு செய்யவில்லை.

அந்தச் சின்ன கம்பெனி கம்ப்யூட்டருக்கான ஆப்பரேட்டிங் சிஸ்டம் தயாரித்தது. ஷெல் என்பது, நாம் தட்டும் கட்டளையை வாசலிலேயே வாங்கி உள்ளே போய்ச் சொல்லுகிற ஆசாமி. அந்த வேலைக்கு ஆள் பலர் உண்டு. சிஸ்டத்தை வாங்குகிறவர் யாரையும் குறிப்பிட்டுக் கேட்காவிட்டால் யார் வாசலில் நிற்பது? அதைத் தீர்மானிக்கும் பொறுப்பு தலைமைப் பொறியாளரின் தலையில் விழுந்திருந்தது. தங்கமான மனிதர். ஆனால் ஜன்னலில் ஒரு மேகம் தெரிந்தால் போதும், அதன் பின்னாலேயே போய்விடுவார்.

சோதனைப் பிரிவில் இருப்பது அவர் மனைவி. புரோகிராம் எழுதுவது மனைவியின் தம்பி. மூவருக்கும் ஒரே வீடு, ஒரே கார், ஒரே சாப்பாட்டு மேஜை. போன வெளியீட்டின்போது அக்காவும் தம்பியும் மூன்று வாரம் பேசிக்கொள்ளவில்லை. எதிரெதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கு இவர்தான் தூது போனார். இன்னொரு தடவை அதைத் தாங்க அவருக்குத் தெம்பில்லை.

"பழைய ஷெல்தாங்க வேணும். பத்து வருஷத்துல ஒரு தடவைகூடக் காலை வாரினதில்லை," என்றாள் மனைவி.

பழையதை வைத்தார். பத்தே நிமிஷத்தில் மச்சான் வந்து நின்றான்.

"என்ன மாமா, என் மெஷின் ஆமை மாதிரி ஊருது! புதுசைப் போடுங்க."

புதியதை வைத்தார். மனைவி வந்தாள்.

"என் மெஷின்ல எல்லா சோதனையும் படுத்துடுச்சு. அவன் சொன்னா மட்டும் உடனே தலையாட்டிடுவீங்களே! சாயங்காலம் அவன்கூடவே நடந்து வாங்க. கார் சாவி என்கிட்ட இருக்கு."

வம்பே வேண்டாமென்று, யாரும் கேட்காத மூன்றாவது ஒன்றை வைத்தார். இருவரும் சேர்ந்தே வந்தார்கள்.

"உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று ஒரே குரலில் கேட்டுவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு மூலைக்குப் போனார்கள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஜன்னலில் சாம்பல் நிற மேகம் ஒன்று மெதுவாக நகர்ந்தது. திரையில் கர்சர் மினுக்கியது. மினுக்கி மினுக்கி அவரை உள்ளே அழைத்தது. கறுப்புத் திரைக்குள் காற்றில் மிதப்பதுபோல் நடந்தார். இரண்டு வாசல்கள். ஒன்றில் மனைவி, ஒன்றில் மச்சான்.

"என்ன வேணும்?"

"கொஞ்சம் நிம்மதி."

"அப்படி ஒரு கட்டளை இல்லை," என்றார்கள் இருவரும், ரொம்பப் பிரியமாக.

யாரோ தோளைத் தட்டினார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் அம்மாள், கையில் ஸ்க்ரூடிரைவரோடு நின்றாள்.

"சார், மணி நாலாகப் போகுது."

"நீங்களே சொல்லுங்கம்மா. எதை வெச்சா என் வீடு பிழைக்கும்?" என்று நடந்ததையெல்லாம் கொட்டினார்.

அவள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"எதை வெச்சா என்ன சார், அது அவங்க மெஷினைத் தொடவே தொடாது! அவங்க ரெண்டு பேர் மெஷின்லயும் போன வருஷமே அவங்க கேட்டதை நான்தானே தனியா போட்டுக் குடுத்தேன்: மேடத்துக்குப் புதுசு, அவங்க தம்பிக்குப் பழசு!"