ஆணியில் தொங்கிய மேல்வரிசை

ஒரு காட்டில் ஒரு சிறுத்தை பல் டாக்டராக இருந்தார். சிரிக்காதீர்கள், முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவர்தான். பெயர் மாசிலாமணி. உடம்பெல்லாம் புள்ளி இருந்தாலும் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர். படிக்கப் போன இடத்தில் அசைவத்தை அடியோடு விட்டுவிட்டார். முட்டைகூடத் தொடுவதில்லை.

இருந்தும் அவர் கிளினிக் பக்கம் ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தும் என்ன பயன், அவற்றுக்குப் பல்லா இருக்கிறது?

காட்டில் பல்வலிக்குப் பஞ்சமில்லை. தேன் தின்று தின்று கரடிக்கு வாயெல்லாம் சொத்தை. பன்றிக்கு ஈறு வீக்கம். எல்லோரும் கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு முனகினார்களே தவிர, டாக்டரிடம் வரவில்லை. கற்ற வித்தை வீணாகிறதே என்று மாசிலாமணிக்கு அழுகையே வந்துவிடும்.

"நீங்க 'வாங்க, உட்காருங்க'ன்னு சிரிக்கிறீங்க பாருங்க, அங்கதான் தப்பு" என்றாள் நர்ஸ் சகாயமேரி. அவள் ஒரு மந்தி. "அந்தக் கோரைப்பல்லைப் பார்த்துட்டு யாரு டாக்டர் வாயைத் திறப்பா?"

மாஸ்க் போட்டுப் பார்த்தார். "உள்ளே என்னத்தையோ மறைக்கிறார்" என்றது காடு. மனம் வெறுத்து, பக்கத்துக் காட்டு டாக்டரிடம் போய் ஒரு பல் விடாமல் பிடுங்கிக்கொண்டு பொக்கைவாயோடு வந்தார். வாசல்வரை வந்த கரடி, "சொந்தப் பல்லையே காப்பாத்திக்கத் தெரியல, நம்ம பல்லை எங்க காப்பாத்தப் போறார்?" என்று திரும்பிவிட்டது. சரியென்று கோரைப்பல் உட்பட பழையபடியே பல்செட் கட்டிக்கொண்டார். பழையபடியே எல்லோரும் ஓடினார்கள்.

மேரிதான் வழி சொன்னாள். "வர்றவங்க செருப்பை வெளிய விட்டுட்டு வர்றாங்கல்ல? நீங்க பல்லை வெளிய விட்டுட்டு வாங்க."

செருப்பு விடும் இடத்துக்கு மேலே ஆணி அடித்து, மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் மாட்டினார்கள். டாக்டருக்குப் பல்லும் இருக்கிறது, அது வாயிலும் இல்லை. அவ்வளவுதான், கூட்டம் நெருக்கியது. கரடிக்குச் சொத்தை அடைத்தார். முயலுக்குக் கிளிப் போட்டார். பன்றிக்குப் பல்லில் படிந்த காரையை எடுத்ததும் அது கண்ணாடியைப் பார்த்து, "பல்லுல பாதியைக் காணோமே!" என்று கத்தியது.

"அது பல்லு இல்லீங்க, அழுக்கு" என்றார் மாசிலாமணி.

ஆனால் வேர் சிகிச்சை என்றால் மட்டும், "வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று நழுவிவிடுவார்கள். அவ்வளவு ஆழத்துக்கு யாரும் அவரை நம்பவில்லை. அந்தக் குறை அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

ஒருநாள் பேச்சியம்மா என்ற வெள்ளாடு, கீழ்க் கடைவாய்ப்பல் சீழ் பிடித்து, வீங்கிய தாடையோடு வந்து வரிசையில் உட்கார்ந்தது. ஆளாளுக்கு "ஒரே ஒரு சந்தேகம் கேட்டுட்டு வந்துடறேன்" என்று அதைத் தாண்டிக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். வெளியே ஆடு புலம்புவது மாசிலாமணிக்குக் கேட்டது. திடீரென்று சத்தமெல்லாம் அடங்கியது. மேரி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"டாக்டர்! அந்தம்மா உங்க மேல்வரிசையை எடுத்து மாட்டிக்கிச்சு. வரிசையே காலி!"

ஆட்டுக்கு மேலே முன்பல் பிறவியிலேயே கிடையாது. அளவெடுத்துச் செய்தது போல் செட் உட்கார்ந்துவிட்டது. உள்ளே வந்த பேச்சியம்மா நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தது. தன் கோரைப்பல் எவ்வளவு கூர் என்று மாசிலாமணிக்கு அன்றுதான் தெரிந்தது.

"வலிக்குமா டாக்டர்?"

"வ... வலிக்காதும்மா. வேரைச் சுத்தம் பண்ணணும், அவ்வளவுதான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க. வலிச்சா கடிப்பேன்."

மரத்துப்போக ஊசி போட்டார். மரத்துவிட்டதா என்று தட்டித் தட்டிக் கேட்டார். சந்தேகத்துக்கு இன்னொரு ஊசி. "இப்ப வேரைச் சுத்தம் பண்றேம்மா... இப்ப மருந்து வைக்கிறேம்மா..." என்று ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் செய்தார். வாழ்நாளில் அவ்வளவு பக்குவமாக அவர் கை வேலை செய்ததில்லை.

பேச்சியம்மா வெளியே போய்க் காடு முழுக்கச் சொன்னது: "என்ன பொறுமை, என்ன மரியாதை! தங்கமான டாக்டர்."

அதன்பிறகு யாரும் வீட்டில் கேட்கப் போவதில்லை. கீழ்ப்பல் வலிக்கிறவர் மேல்வரிசையையும், மேல்பல் வலிக்கிறவர் கீழ்வரிசையையும் ஆணியிலிருந்து எடுத்து, பொருந்துகிறதோ இல்லையோ மாட்டிக்கொண்டு, தைரியமாக உள்ளே வருகிறார்கள். மாசிலாமணி ஆசைப்பட்ட நம்பிக்கை முழுசாகக் கிடைத்துவிட்டது. சாயங்காலம் பல்செட்டை வெந்நீரில் போட்டு மூன்று தடவை கழுவிவிட்டு, அப்படியும் மாட்ட மனம் வராமல், தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து பொக்கைவாயால் விழுங்குகிறார்.

நீதி: டாக்டர்மேல் நோயாளிக்கு நம்பிக்கை வர வேண்டுமானால், நோயாளிமேல் டாக்டருக்குப் பயம் வர வேண்டும்.