படத்தில் பாதி போல்ட்டைக் காணோம்

மதிப்பிற்குரிய ஆலைப் பத்திரிகை ஆசிரியர் தம்பிக்கு, போன இதழில் நீங்கள் படம் போட்ட பையனின் பாட்டி எழுதுவது. நீங்களும் வீட்டாரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுதத்தான் பேனா மறுக்கிறது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. என் பேரப்பிள்ளைகள் அப்படியில்லை. மூத்த பேத்தி மின்பொறியியலில் தங்கப் பதக்கம் வாங்கியவள். உங்கள் ஆலைக்கே வெடிப்புப் பாதுகாப்பு அதிகாரியாகப் போன மாதம் மாற்றலாகி வந்தாள். கடைக்குட்டி ஓட்டத்தில் முதலாவது. தோற்றதுகள் அழுததை நானே பார்த்தேன். நடுவில் பேரன், உங்கள் பெயிண்ட் தின்னர் கூடத்தில் எலக்ட்ரீஷியன். "மோட்டாரைப் பழுது பார்த்து ஓடவிடுவதில் மின்னல் கை" என்று நீங்கள்தான் எழுதினீர்கள். மோட்டார் சுவிட்ச் இருக்கும் இரும்புப் பெட்டி மேல் கை வைத்துச் சிரிக்கிறானே, அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டினேன்.

வினை அங்கேதான் பிடித்தது. சாப்பிட உட்கார்ந்த மூத்தவள் அண்ணாந்து பார்த்தாள். வாய்க்குப் போன கை பாதியில் நின்றது.

"பாட்டி, இந்தப் பெட்டி மூடியில பாதி போல்ட்டு எங்க?"

"ஏன்டி, தம்பி மூஞ்சியப் பாருன்னா போல்ட்டப் பாக்குற?"

அவன் சிரித்தான். "எல்லாத்தையும் முடுக்கினா பொழுது போயிரும்க்கா. மூலைக்கு ஒண்ணு போதும். மூடி என்ன விழுந்தா போச்சு?"

"மூடி விழாம இருக்கவாடா போல்ட்டு? தின்னர் ஆவி எப்படியும் உள்ள போகும். ஒரு பொறி பட்டா உள்ள வெடிக்கும். அந்த நெருப்பு வெளிய வராம அடக்கத்தான்டா அவ்வளவு கனமான பெட்டி, அத்தனை போல்ட்டு! பாதியக் கழட்டிட்டு அது மேலயே கை வெச்சு இளிக்கிறியே!"

அப்படியே கை கழுவிக்கொண்டு போனவள் கூடத்தையே நிறுத்திவிட்டாள், தம்பி. பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார்களாம், ஒன்றின் உள்ளே கரி அப்பியிருந்ததாம். எப்போதோ உள்ளே வெடித்து உள்ளேயே அடங்கியிருக்கிறது, ஏதோ சத்தம் என்று விட்டிருக்கிறார்கள். நல்லவேளை, அது வேறு யாரோ எல்லா போல்ட்டும் போட்டு மூடியது. என் பேரன் மூடியதாயிருந்தால் கூரையும் இல்லை, கீழே நின்றவர்களும் இல்லை. அவனும் அங்கேதான் நின்றிருப்பான். இப்போது அவனை வேலையை விட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அக்காளும் தம்பியும் ஒரே வீட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறார்கள், நடுவில் நான் தபால்காரி.

ஆகவே தம்பி, படத்தில் போல்ட்டு தெரியாதது அச்சுக் கோளாறு, மை அப்பிவிட்டது என்று அடுத்த இதழில் ஒரு வரி போடுங்கள். பிள்ளையின் வேலை பிழைக்கும். உங்கள் கை நோகாமல் நெடுநாள் எழுத வேண்டும் என்று வாழ்த்தும்,

மின்னல் கையின் பாட்டி.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "பாட்டி, அடுத்த கூடத்துப் பெட்டியையும் நான்தான் பாதி போல்ட்டுல மூடினேன். அதை யாரும் படம் எடுக்கல, யாருக்கும் தெரியல. இன்னும் ஓடுது."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னா திரும்ப வேலைக்கே எடுக்க மாட்டாங்க."

"இன்னிக்கு அங்க யாரு நிக்கிறா?"

"அக்கா."

கூடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாதாம். செருப்புக்கூடப் போடாமல் ஓடினான். இப்போதுதான் ஆலைச் சங்கு ஊதியது. அந்தக் கூடத்தையும் நிறுத்தி எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள், அவளும் வந்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அச்சுக் கோளாறு என்று எதுவும் போட வேண்டாம். வேலை போனால் போகட்டும். ஒருவேளை அவனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டால் மட்டும் புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்புங்கள். மூஞ்சி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. போல்ட்டு அத்தனையும் தெரிய வேண்டும்.