தோற்றே தீருவது

ஞாயிற்றுக்கிழமை காலை, காபி ஆறுவதற்குள், டெல்மர் க்ரூகர் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். இன்று தோற்றே தீருவது.

அந்த ஒஹாயோ ஊரில் பத்துப் பேர் ஆளுக்கொரு அணியாகச் சேர்ந்து பகடை பேஸ்பால் லீக் நடத்தினார்கள். மைதானம் கிடையாது, வியர்வை கிடையாது. நிஜ ஆட்டக்காரர்களின் திறமையை அச்சடித்த அட்டைகள், மூன்று பகடைகள், ஒரு சாப்பாட்டு மேசை, அவ்வளவுதான். அடுத்த ஆண்டுக்கு ஆள் எடுக்கும்போது, கடைசி இடத்தில் இருப்பவருக்கே முதல் தேர்வு. டெல்மரின் கண் டெஸ்மண்ட் ஓக்லி என்ற புதுப் பந்துவீச்சாளன் மேல். பையன் செப்டம்பரில்தான் பெரிய ஆட்டத்துக்கு வந்தவன். மற்றவர்கள் இன்னும் கவனிக்கவில்லை. ஆனாலும் டெல்மருக்குப் பொறுமை இல்லை, முதல் தேர்வே வேண்டும்.

கடைசி இடத்துக்கு அவரோடு சமமாக முட்டிக்கொண்டிருந்தது ஒரே ஒரு அணி. அதன் சொந்தக்காரி எதிரே உட்கார்ந்து பகடை குலுக்கினாள். நொரீன், முப்பத்தோரு வருடமாக அவர் மனைவி. இன்று கடைசி ஆட்டம். தோற்பவர் கடைசி.

நொரீன் தன் மிகச் சிறந்த பந்துவீச்சாளனை இறக்கினாள். டெல்மருக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பாவம், இவளுக்கு விதியே தெரியவில்லை.

"என்னங்க, பந்து வீசுறதுக்கு யாரு?"

"ஹாலோரன்."

"அவன் வெளிப்பக்கம் பந்து பொறுக்குறவனாச்சே?"

"அவனுக்கும் ஒரு ஆசை இருக்காதா?"

"உங்க பந்துவீச்சாளருங்க?"

"நாலு பேருக்கும் உடம்பு கல்லு மாதிரி இருக்கு. உக்காரட்டும்."

"அதையும் தாள்ல எழுதிரட்டுமா?"

"எழுதேன், பெருமைதான்."

ஹாலோரன் பிய்த்து எறியப்பட்டான். இருபத்தொன்றுக்கு இரண்டு. டெல்மர் இத்தனை சந்தோஷமாக எந்த ஆட்டத்திலும் ஜெயித்தது கூட இல்லை. ஸ்கோர் தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்பது லீக் வழக்கம். அவர் தன் பெயருக்குக் கீழே ஒரு கோடும் இழுத்துவிட்டார்.

நொரீன் தொலைபேசியை எடுத்து லீக் செயலாளர் வெண்டெலுக்குத் தாளை வரி வரியாகப் படித்தாள்.

"ஹாலோரனா?" வெண்டெலின் குரல் மேசை வரை கேட்டது. "உடம்பு நல்லாருக்கிற பந்துவீச்சாளர உக்கார வச்சுட்டாரா?"

"நாலு பேர. கையெழுத்து போட்டிருக்காரு."

"அப்ப வேணும்னே தோத்ததா கணக்கு. விதிப்படி அவரு பத்தாவதாத்தான் எடுக்கணும். கீழ அடுத்து நீங்கதான? மொதத் தேர்வு உங்களுக்கு."

டெல்மர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "எவன்யா இந்த விதியப் போட்டது?"

"நான்தான் கேட்டேன்," என்றாள் நொரீன். "ஏப்ரல் கூட்டம் நம்ம வீட்லதான நடந்துச்சு. பத்துக்குப் பத்து ஓட்டு."

"நான் எப்ப ஓட்டுப் போட்டேன்?"

"ரெண்டாவது துண்டு செர்ரி கேக் வேணும்னு கை தூக்குனீங்கள்ல. வெண்டெல் எண்ணிக்கிட்டாரு. தட்டுல கேக் வர்ற வரைக்கும் நீங்க கையக் கீழ போடல."

டெல்மர் உட்கார்ந்தார். கோபப்பட முயன்றார், வரவில்லை. வெளியே நல்ல வெயில், அடுப்பில் பன்றி இறைச்சி வறுபடும் வாசனை, எதிரே இந்தப் பெண். மனிதனுக்கு வேறென்ன வேண்டும், ஓக்லியைத் தவிர? அதற்கும் இன்னும் வழி அடைபடவில்லை. அந்தப் பெயரை அவர் ஒருவரிடமும் மூச்சுவிட்டதில்லை. நொரீன் வேறு யாரையாவது எடுத்துத் தொலைத்தால், பத்தாவது வரை அவன் மிஞ்சலாம்.

"மொதல்ல யார எடுக்கப்போற?" என்று அலட்சியமாகக் கேட்டு, கொட்டாவி வேறு விட்டார்.

நொரீன் அவர் தட்டில் இறைச்சியை வைத்தாள்.

"ஓக்லியத்தான். ஒரு மாசமா தூக்கத்துல என்னக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அவன் பேரத்தான சொல்றீங்க."