தொழில்பாதை வாரம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது; பிறகு சக்கரத்தை. மூன்றாவதாக, மலேசியாவின் லகாட்டில் உள்ள எங்கள் கார் உதிரிபாகக் கிடங்கு 'தொழில்பாதை'யைக் கண்டுபிடித்தது. அதன் பொறுப்பாளன் அடியேன். நேற்றுவரை வெறும் சூப்பர்வைசர். இன்று 'எதிர்கால வளர்ச்சி ஒருங்கிணைப்பாளர்'. சம்பளம் மட்டும் பழைய பெயரிலேயே வருகிறது.

பாதை என்று சும்மா சொல்லவில்லை. பிரேக் பேட் அலமாரியில் தொடங்கி ஆபீஸ் கதவு வரை தரையில் பச்சைக் கோடு அடித்திருக்கிறோம். நடுவில் பம்பர் பெட்டிகளை அடுக்கிவிட்டதால் பாதை அங்கே சற்று ஓய்வெடுக்கிறது.

தொழில்பாதை வாரத்தின் முதல் நாள் காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டேன்.

"அண்ணே, இது தோட்டத்துப் பெரட்டு மாதிரியே இருக்கு லா," என்றாள் பெட்டி கட்டும் தினேஸ்வரி.

"பெரட்டுல பேரைக் கூப்பிட்டுக் காட்டுக்கு அனுப்புவாங்க. நாம எதிர்காலத்துக்கு அனுப்புறோம்."

"அங்க ஓ.டி. உண்டா?"

கேள்வியின் ஆழத்தைப் பாராட்டிவிட்டு நகர்ந்தேன்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அர்ச்சுனன் பின்னாலேயே வந்தான்.

"அண்ணே, வியாழக்கிழமை லீவு வேணும். தஞ்சோங் மாலிம் ஸ்டோர்ல மேனேஜர் வேலைக்கு இண்டர்வியூ. யார் வேணாலும் நேரா போலாம். அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும்."

"அன்னைக்குத்தானே 'உன் அடுத்த படி' சொற்பொழிவு? கட்டாயம் வரணும்."

"அடுத்த படிக்குத்தான் அண்ணே போறேன்."

"ஈப்போவிலேருந்து நிபுணர் வாராரு. நாற்காலி காலியா இருந்தா அவரு மனசு நோகும்."

"அப்ப டாக்டர்கிட்ட எம்.சி. சீட்டு எடுத்துக்கவா?"

"உடம்பு நல்லா இருக்கிறப்ப எம்.சி. எடுக்கிறது துரோகம்டா."

தலையைக் குனிந்துகொண்டான். இருந்தாலும் அவனை அப்படியே விட மனம் வரவில்லை. எந்தக் கட்டடம், எத்தனை மணி, என்னென்ன பத்திரங்கள் வேண்டும் என்றெல்லாம் அக்கறையோடு விசாரித்தேன். ஒருங்கிணைப்பாளன் என்றால் சும்மாவா?

வியாழக்கிழமை அர்ச்சுனன் முதல் வரிசையில் உட்கார்ந்து சொற்பொழிவைக் கேட்டானாம். 'நாளைய நட்சத்திரம்' என்று சான்றிதழும் கிடைத்ததாம். நான் பார்க்கவில்லை. எனக்கு வயிற்றுப்போக்கு, எம்.சி.யில் அப்படித்தான் இருக்கிறது.

தஞ்சோங் மாலிமில் நேர்காணல் நடத்திய அம்மையார் கனிவாகக் கேட்டார்: "இப்ப இருக்கிற இடத்தை ஏன் விடுறீங்க?"

"அங்க முன்னேற வழியே இல்லீங்க மேடம்."

"அதைக் கவனிக்க யாரும் இல்லையா?"

"ஒருத்தர் இருக்காரு மேடம்," என்றேன். "அவரு இருக்கிற வரைக்கும் அங்க ஒருத்தனும் தேற மாட்டான்."