பந்தைப் பார்க்காத ஜேர்மன்காரர்

இந்த அவுஸ்திரேலியாக் கண்டம் முழுக்கத் தேடினாலும், பந்து எங்கே போகிறது என்று பார்க்காமலே உதைபந்தாட்டம் பார்க்கிற மனிதர் ஒரே ஒருவர்தான் கிடைப்பார். வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனடியில் இருக்கிற தமிழ்க் கடையில் அவர் மீன் வெட்டுகிறார். எல்லோரும் அவரை ஜேர்மன்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜேர்மனிக்கு அவர் போனதில்லை. அந்தப் பாஷையில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் ஜேர்மனியின் முதல் பிரிவு உதைபந்தாட்டத்தில் ஒரு ஆட்டத்தையும் விடமாட்டார்.

போனை ஒரு ஷொப்பிங் பாக்கில் சுற்றித் தராசுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருப்பார். முதல் நாள் நடந்த ஆட்டம் அதில் ஓடும். கையிலே பாரை மீனும் கத்தியும், கண் போனிலே. அவருக்கு இன்னும் பத்து விரலும் இருப்பது எந்தச் சாமியின் வேலையோ தெரியாது.

ஒருநாள் போனுக்குள் சனம் கூரை கிழியக் கத்தியது. வரிசையில் நின்ற ஒருவர் ஆசையாகக் கேட்டார்.

"என்ன அண்ணை, கோலோ?"

"கோலாம் கோல்! முழங்காலில சறுக்கிறான் பாருங்கோ, எருமை! அந்தப் புல்லு என்ன பாடுபடும்?"

"ஆர் அடிச்சது?"

"ஆர் அடிச்சா உங்களுக்கென்ன? புல்லை ஆர் நேராக்கிறது?"

இதுதான் அவர் ஆட்டம் பார்க்கிற முறை. ஆனாலும் ஊரிலே அவருக்குப் பெரிய நிபுணர் என்று பெயர். கணக்காளர் ஒருவர், தன் வேலையிடத்தில் யார் வெல்லுவார் என்று கிழமைக்குக் கிழமை ஊகிக்கிற போட்டி வைக்கிறார்கள் என்று வந்து யோசனை கேட்டார். ஜேர்மன்காரர் ஒவ்வொரு முறையும் யோசிக்காமல் சொன்னார். "சிவப்புச் சட்டை." "மஞ்சள் சட்டை." பருவம் முடிய, மனுஷன் கடைசி இடத்தில் நின்றார்.

"என்ன அண்ணை, என்னை இப்பிடிக் கவிழ்த்திட்டீங்கள்!"

"நான் எந்த மைதானத்தில புல்லு நல்லா நிக்குது எண்டுதானே சொன்னனான்? விளையாடுறவங்களைப் பற்றி நான் வாயே திறக்கேல்லையே!"

இவ்வளவும் நடந்தும் சனம் திருந்தவில்லை. தமிழரின் விளையாட்டுப் போட்டி பூங்காவில் நடந்தபோது, இவரைவிட யாருக்குத் தெரியும் என்று கோட்டுக்கரையில் கொடி பிடிக்க விட்டார்கள். ஆட்டம் சமநிலையில் போகிறது. இவர் திடீரென்று கொடியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினார். நடுவர் விசில் ஊதினார். இருபத்திரண்டு பேரும் நின்றார்கள். இவர் குந்தி இருந்து, மத்தியானம் சோற்றுப் பார்சலோடு கொடுத்த முள்ளுக்கரண்டியைப் பொக்கெற்றிலிருந்து எடுத்து, கிளம்பியிருந்த ஒரு துண்டுப் புல்லைச் சுற்றிக் குத்தி அமர்த்தினார். பிறகு எழும்பிக் கொடியை ஆட்டினார்.

"விளையாடுங்கோ, விளையாடுங்கோ. இந்தப் பக்கம் மட்டும் வராதையுங்கோ."

எனக்கு ஒரு கெட்ட குணம். ஒரு மனுஷன் ஏன் இப்படி இருக்கிறான் என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் ஒரு தந்திரம் செய்தேன். செவ்வாய்க்கிழமை தோறும் போய் ஒரு கிலோ நெத்தலி வாங்கித் தலை கிள்ளித் தரச் சொல்லுவேன். பெரிய மீன் என்றால் ஐந்து நிமிஷத்தில் ஆளை அனுப்பிவிடுவார். நெத்தலி என்றால் முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் மனுஷன் எனக்குச் சொந்தம்.

"அன்ரி, இது வீட்டில கிள்ளலாமே?"

"கண் தெரியாது மோனை."

கண் நன்றாகத்தான் தெரியும். குளிர்பெட்டிக் கதவில் அவர் ஒட்டியிருந்த கடுதாசி அங்கிருந்தே தெரிந்தது. பதினேழு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே கோடுகள், சிலதுக்கு ஒன்று, சிலதுக்கு ஐந்து. மேலே பெரிதாக எழுதியிருந்தது: கிண்டுறவங்கள்.

"இதென்ன மோனை?"

"வாற சீசன் அன்ரி. ஆர் ஆர் எவ்வளவு புல்லைக் கிண்டுவாங்கள் எண்டு கணக்கு."

"பதினெட்டு ரீம் எண்டு என்ர மகன் சொன்னான். இதில பதினேழுதானே இருக்கு?"

கிள்ளின விரல் நின்றது. பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிள்ளினார். நெத்தலி மட்டும் முத்து முத்தாக வந்தது.

விடை கிடைத்தது புதுப் பருவத்தின் அட்டவணை வந்த கிழமையில். நான் போனபோது மனுஷன் கதிரையில் இடிந்துபோய் இருந்தார். வெட்டுப் பலகையில் ஒரு விளைமீன் பாதி செதிலோடு கிடந்தது.

"என்ன மோனை, ஆருக்கும் ஏதுமோ?"

"முதல் ஆட்டமே ஐஞ்சு கோட்டுக்காரரோட அன்ரி. வந்து உழுது போட்டுப் போகப் போறாங்கள். அவன் என்ன செய்வான்?"

"எவன்?"

"என்ர தம்பி."

பிறகு தானாகவே சொன்னார். தம்பி ஜேர்மனியில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறான். ஊரின் பெயர் என் நாக்குக்கு வராது. அங்கே மைதானத்தில் புல்லைப் பராமரிக்கிற வேலை. அந்த ஊர் ரீம் இவ்வளவு நாளும் இரண்டாம் பிரிவில் கிடந்து, இந்த முறைதான் வென்று முதல் பிரிவுக்கு ஏறியிருக்கிறது. அதுதான் பதினெட்டாவது. இரண்டாம் பிரிவு ஆட்டம் இவருடைய போனில் வராது; ஒருநாள் ஏறினால் யார் யார் வந்து கிண்டுவார்கள் என்றுதான் இவ்வளவு நாளும் முதல் பிரிவைப் பார்த்திருக்கிறார்.

"அப்ப தம்பியோட கதைச்சுச் சொல்லன், கவனமா இரு எண்டு."

"அவன் என்னோட கதைக்கிறேல்லை அன்ரி. பன்னிரண்டு வருசம்."

இவர் அகதியாகக் களவாய்க் கப்பலில் ஏறி இந்த நாட்டுக்கு வந்தவர். ஏறாதே என்று தம்பி போனில் கெஞ்சியிருக்கிறான். இவர் போனை நிற்பாட்டிவிட்டு ஏறிவிட்டார். இருபத்தைந்து நாள் ஒரு தகவலும் இல்லை. கரைக்கு வந்து எடுத்தபோது தம்பி சொன்னது இவ்வளவுதான்: "நீ செத்துப்போனாய் எண்டு நான் அழுது முடிச்சிட்டன். இனி எடுக்காத." இவரும் எடுக்கவில்லை. ரோஷம். விசா இன்றைக்கும் தற்காலிகம்தான், இந்த நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே விடுவார்களோ என்பது அவருக்கே தெரியாது. லண்டனில் இருக்கிற ஒரு மச்சாள்தான் தம்பியின் புதினம் சொல்லுவாள். தான் கேட்டதாக அவனுக்குச் சொல்லக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கி வைத்திருக்கிறார்.

"புல்லு நல்லா இருந்தா அவன் நல்லா இருக்கிறான் எண்டு அர்த்தம் அன்ரி. இந்த வருசம்தான் அதைக் கண்ணால பாக்கப் போறன். இடைவேளையில நாலைஞ்சு பேர் பெரிய முள்ளுக்கரண்டி மாதிரி ஒண்டோட மைதானத்தில இறங்குவாங்கள், கிண்டினதைச் சரிப்படுத்த. அதுக்குள்ள அவனும் நிப்பான்."

"பிறகென்ன, பார்!"

"எங்க பாக்கிறது? அந்த நேரம் பார்த்து விளம்பரம் போட்டிடுவாங்கள்!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, சிரிக்கவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து மருமகளைப் பிடித்தேன். அவள் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள். போனில் பார்த்து ஊரில் உள்ள எல்லோருடைய கல்யாணச் சேலை விலையும் சொல்லுவாள். ஒரு மைதானத்தைக் கண்டுபிடிக்கமாட்டாளா? பிடித்தாள். புதுப் பருவத்துக்கு ஆயத்தமாகிறோம் என்று அந்த ரீம்காரர் ஒரு சின்ன வீடியோப் படம் போட்டிருந்தார்கள். அடுத்த நாளே அவளையும் இழுத்துக்கொண்டு பின்னேரம் கடைக்குப் போனேன். ஜேர்மனியில் அப்போது காலமை, வேலை நேரம் என்று அவள்தான் கணக்குப் பார்த்தாள்.

ஜேர்மன்காரர் கையைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார். பச்சைப் பசேல் என்ற புல்லு. மெஷின் ஓட்டுகிறார்கள், தண்ணீர் அடிக்கிறார்கள். தூரத்தில் தொப்பி போட்ட ஒரு ஆள், முகம் தெரியாது, குதிக்கால் இரண்டும் நிலத்தில் பதியக் குந்தி இருந்து புல்லைத் தடவிக்கொண்டிருந்தான்.

"இவன்தான்."

"முகமே தெரியேல்லையே அண்ணை," என்றாள் மருமகள்.

"பிள்ளை, எந்த வெள்ளைக்காரன் இப்பிடிக் குந்துவான்?"

அந்தப் படத்தை எத்தனை முறை திருப்பித் திருப்பிப் பார்த்தாரோ தெரியாது. பிறகு முகம் சுருங்கியது.

"இடப்பக்க மூலை வெளிறிக் கிடக்கு. தண்ணி காணாது."

நான் மருமகளின் காதுக்குள் சொன்னேன். "அதைக் கீழ எழுது."

"மாமி, உங்களுக்கு வேற வேலை இல்லையோ?"

"இல்லை. எழுது."

ஜேர்மன் பாஷையில் நிறையப் பேர் எழுதியிருந்ததற்கு நடுவே, தமிழில் அவள் எழுதினாள்: "இடப்பக்க மூலைக்குத் தண்ணி காணாது எண்டு சிட்னியில இருந்து அண்ணை சொல்லுறார்."

ஜேர்மன்காரருக்கு முகம் வெளிறிவிட்டது, அந்த மூலையை விட. "ஐயோ பிள்ளை, அழி! அழி!"

"அழிக்கிறது எப்பிடியெண்டு தெரியாது அண்ணை." என் மருமகள் பொய்யிலே என்னை மிஞ்சுவாள்.

"ஒரு கிலோ நெத்தலி போடு மோனை," என்றேன் நான்.

அவர் கிள்ளினார். கண் போனிலேயே. பதில் ஒன்றும் வரவில்லை. கிலோ முடிந்தது. "இன்னுமொரு கிலோ போடு," என்றேன். மருமகள் என்னை முறைத்தாள். கடை முதலாளிக்கு மட்டும் சந்தோஷம்.

இரண்டாவது கிலோவின் நடுவிலே போன் சிணுங்கியது. மருமகள் வாசித்தாள்.

"'அவருக்கு என்ன தெரியும்? மீனை ஒழுங்கா வெட்டச் சொல்லுங்கோ.'"

ஜேர்மன்காரர் கையிலிருந்த நெத்தலியைக் கீழே வைத்தார். மெல்லக் கேட்டார்.

"நான் மீன் வெட்டுறது அவனுக்கு என்னெண்டு தெரியும்?"

லண்டன் மச்சாள் இரண்டு பக்கமும் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறாள். கெட்டிக்காரி. ஒருநாள் அவளைச் சந்திக்க வேண்டும்.

போன் திரும்பவும் சிணுங்கியது.

"'மூலைக்கு இப்ப தண்ணி அடிக்கிறன்.'"

அவர் குனிந்து நெத்தலியைக் கிள்ளத் தொடங்கினார். தம்பியின் மைதானத்தில் முதல் ஆட்டம் நடக்கிறபோது இங்கே நடுச்சாமம், அதற்கு அடுத்த நாள் தனக்கு லீவு வேண்டும் என்று முதலாளியிடம் தலை நிமிராமலே சொன்னார். இடைவேளையில் விளம்பரம் போட்டால் அந்த ரிவிக்காரருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று மருமகளிடம் சொன்னார். அவள் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தேன். இத்தனை செவ்வாய்க்கிழமையிலும் ஒரு குறை பிடிக்க முடியாத மனுஷன், அன்றைக்குத் தந்த நெத்தலியில் பாதிக்குத் தலை அப்படியே இருந்தது. நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. தலையோடு பொரித்தேன். நல்ல ருசி.